கடல் தெரியாத கடற்கரைப் பயணம்: நாகையிலிருந்து தரங்கம்பாடிக்குப் பஸ்ஸில் ஒரு பகல்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் பஸ் ஏறி நாகூர், காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடியில் இறங்கும் வரை ஜன்னலில் கடல் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெடுஞ்சாலை கரையை விட்டு உள்ளே தள்ளித்தான் ஓடுகிறது. வலப்பக்கம் சவுக்குத் தோப்பு, உப்புக்காற்றில் தலை சாய்ந்த தென்னை, வீடுகள், கடைகள். வானம் மட்டும் அந்தப் பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கும். கடல் அங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அப்புறம் எதைப் பார்க்கப் பஸ் ஏறுவது? ஆறுகளை. இந்தச் சாலையில் பாலங்களை எண்ணிக்கொண்டே போங்கள். நாகைக்குக் கடுவையாறு, நாகூருக்கு வெட்டாறு, காரைக்காலுக்கு அரசலாறு, தரங்கம்பாடிக்கு உப்பனாறு. ஒவ்வொரு துறைமுக ஊரும் ஒரு முகத்துவாரத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வந்த வெள்ளைக்காரர்களும் ஆளுக்கொரு முகத்துவாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: நாகையில் போர்ச்சுக்கீசியர், பிறகு டச்சுக்காரர், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர். கடைசியில் ஆங்கிலேயர் காரைக்காலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டார்கள். இத்தனையும் சுமார் 35 கிலோமீட்டருக்குள். டெல்டாவின் நெல்லும் துணியும் ஆற்றோடு இறங்கி வந்தால்தான் வியாபாரம். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும், சலங்குப் படகுகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். கோட்டை எதற்கு அங்கே, சந்தை எதற்கு இங்கே என்ற கேள்விக்கெல்லாம் பாலத்தின் மேல் பஸ் ஏறும் அந்த அரை நிமிஷத்தில் பதில் கிடைக்கும்.

காரில் போனாலும் இதையெல்லாம் பார்க்கலாம்தான். ஆனால் காரில் ஏறினால் வேளாங்கண்ணி, திருநள்ளாறு, திருக்கடையூர், பூம்புகார் என்று ஒரே நாளில் எட்டு ஊர் போகும் ஆசை வந்துவிடும். பஸ் அந்த ஆசையை அடக்கி வைக்கும்.

எந்த நாள், எந்த மாதம்

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கை ஒன்று வந்தாலே கடற்கரைப் பக்கம் விடமாட்டார்கள். சித்திரை, வைகாசியில் மதிய வெயில் ஆளை உருக்கிவிடும். தை தொடங்கி மாசி முடியும் வரை நல்ல காலம். தை முதலில் சம்பா கதிர் முற்றி நிற்கும், பஸ்ஸின் இடப்பக்கம் முழுக்கப் பொன்நிறம். மீன் சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஹோட்டலில் மீன் இருக்கும், விலையும் இருக்கும், ருசி இருக்காது.

கிழமையும் முக்கியம். வெள்ளிக்கிழமை தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நாகூர் தர்காவிலோ கூட்டம். சனிக்கிழமை திருநள்ளாறு சனீஸ்வரரைப் பார்க்க வருகிறவர்களால் காரைக்கால் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. சனிப்பெயர்ச்சியை ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கம் வருவதையே மறந்துவிடுங்கள். திங்கள், செவ்வாய், புதன் நிம்மதி. ஞாயிறும் பரவாயில்லை.

பஸ்ஸைப் பற்றிச் சில விஷயங்கள்

இந்தத் தடத்தில் மூன்று வகை பஸ் ஓடும். தமிழ்நாடு அரசு பஸ், தனியார் பஸ், இடையில் புதுச்சேரி அரசு பஸ். நாகையிலிருந்து நாகூருக்கு டவுன் பஸ்ஸே உண்டு. தமிழக அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. மப்சல் பஸ்ஸில் எல்லாரும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். ஒரு ஆளுக்கு நாள் முழுக்க பஸ் செலவுக்கு இருநூறு ரூபாய் வைத்துக்கொண்டால் மிச்சம் வரும். ஆனால் அதைப் பத்தும் இருபதுமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் டிரிப்பில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் முகத்தைப் பார்க்க முடியாது.

ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான். நாகையில், "நாகூர் உள்ளே போகுமாண்ணே?" வெளியூர் பஸ்கள் சில புறவழிச்சாலையில் போய்விடும், தர்கா மினாரை எட்டத்திலிருந்து கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். காரைக்காலில், "பொறையாறு வழியா?" இதைக் கேட்காமல் நான் ஒரு முறை பட்டிருக்கிறேன். மயிலாடுதுறை போர்டைப் பார்த்ததும் தாவி ஏறி, ஜன்னலோரம் பிடித்து, கண்ணை மூடி, விழித்தபோது பஸ் பேரளத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. காரைக்காலிலிருந்து மயிலாடுதுறைக்கு இரண்டு வழி. ஒன்று திருநள்ளாறு, பேரளம் என்று மேற்கே உள்நாடு. இன்னொன்று வடக்கே பொறையாறு, தரங்கம்பாடி. போர்டில் ஊர் பெயர் ஒன்றுதான். சீர்காழி, சிதம்பரம் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறினால் பெரும்பாலும் இந்தக் குழப்பமே வராது. அதிலும் தரங்கம்பாடியில் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வடக்கு நோக்கிப் போகிறோம். காலையில் வெயில் வலப்பக்கம், ஆகவே இடப்பக்கம் உட்கார்ந்தால் நிழலும் வயலும் கிடைக்கும். மதியத்துக்குப் பிறகு வலப்பக்கம் மாறிவிடுங்கள். டவுன் பஸ்ஸில் மட்டும் ஆண்கள் இந்தக் கணக்கைப் போட முடியாது, இடப்பக்க வரிசை பெண்களுக்கு.

கையில் ஒரு துண்டு, தண்ணீர், தலையை மூட ஒரு துணி, சுலபமாகக் கழற்றிப் போடக்கூடிய செருப்பு. நாள் முழுக்கக் கோயில், தர்கா, சர்ச் என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே இருக்கப் போகிறீர்கள். ஷூ போட்டு வந்த நண்பர் ஒருவர் நாகூரிலேயே அதைப் பைக்குள் திணித்துவிட்டார்.

விடியற்காலை: நாகை

முந்தைய இரவே நாகைக்கு வந்து தங்குவது நல்லது. அல்லது சென்னையிலிருந்து இரவு ரயில், தஞ்சாவூர் திருவாரூர்ப் பக்கத்தவர்கள் முதல் பஸ். ஆறு, ஆறரைக்கு ஊரில் இருக்க வேண்டும்.

நேரே ஒரு ஆட்டோ பிடித்து அக்கரைப்பேட்டைப் பாலத்துக்குப் போங்கள். ஊரின் பெயரே ஆற்றைச் சொல்கிறது. கடுவையாற்றின் அக்கரையில் இருப்பதால் அக்கரைப்பேட்டை. பாலத்தின் மேல் நின்றால் இருபுறமும் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். கீழே மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கேட்கும் சத்தம், ஐஸ் பெட்டி இழுக்கும் சத்தம், டீசல் வாசனை. ஏலம் நடக்கும் இடத்தில் குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள். அது அவர்களுடைய ஆபீஸ் நேரம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தக் கரையில் நீங்கள் பேச்சுக் கொடுக்கும் யாரிடமும் அதை நீங்களாகக் கிளற வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நாகையைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. இருந்ததில் மிஞ்சியது குறைவு. ராஜராஜ சோழன் காலத்தில், 1006 வாக்கில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் பெயரால் இங்கே சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் எழுந்தது. அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற கிராமத்தின் வருவாயைச் சோழன் எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் டச்சுக்காரர்கள் கையில் சிக்கி ஹாலந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய், 'லெய்டன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றுவிட்டன. விகாரத்தில் கடைசியாக நின்ற கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகளில் பலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் தலைமையிடத்தையே இங்கே மாற்றிக்கொண்டார்கள். 1781-இல் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். அந்தக் கோட்டையும் இன்று இல்லை.

இருப்பது காயாரோகணர் கோயில். நீலாயதாட்சி அம்மன் சந்நிதியில் பத்து நிமிஷம் நில்லுங்கள். வலையில் விழுந்த பொன் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்ட அதிபத்த நாயனார் இந்த ஊர்ப் பரதவர். காலையில் பார்த்த துறைமுகத்துக்கும் இந்தக் கோயிலுக்கும் நடுவே அந்தக் கதைதான் பாலம். பிறகு இட்லியோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குள் நாகூர் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். மலாயாவுக்கு ரஜுலா கப்பல் ஏறிய தாத்தா உங்கள் வீட்டிலும் இருந்திருந்தால், துறைமுகப் பக்கம் ஒரு ஐந்து நிமிஷம் கூடுதலாக நின்றுவிட்டுப் போகலாம்.

நாகூர்

டவுன் பஸ்ஸில் அரை மணிகூட ஆகாது. இறங்கிய இடத்திலேயே மினாரா தெரியும், வழி கேட்க வேண்டியதில்லை. மொத்தம் ஐந்து மினாராக்கள். அவற்றில் உயரமான பெரிய மினாரா 131 அடி. கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டகையின் அடக்கத் தலம் இது. ஊர்க்காரர்களுக்கு 'நாகூர் ஆண்டவர்', வருகிறவர்களில் இந்துக்களும் ஏராளம்.

வாசலில் விற்கும் தகடுகளைப் பாருங்கள். கை, கால், கண், வீடு என்று வேண்டுதலுக்கேற்ற உருவம் பொறித்த மெல்லிய தகடுகள். அவற்றில் கப்பலும் இருக்கும். நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை, இங்கே முகம் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியை எறிந்து ஆண்டகை அடைத்தார் என்பது கதை. கப்பலேறிப் பிழைக்கப் போனவர்கள் அவரையும் கூடவே கொண்டு போனார்கள். சிங்கப்பூரில் 1828-30-இல் கட்டிய நாகூர் தர்கா தெலோக் ஆயர் தெருவில் இன்றும் இருக்கிறது. பினாங்கிலும் ஒன்று உண்டு.

உள்ளே போகும்போது ஆண்களும் தலையை மூடிக்கொள்ளுங்கள். பாத்திஹா ஓதித் தருகிறேன், காணிக்கை எழுதுகிறேன் என்று ஒருவர் கூடவே வருவார். வேண்டுமென்றால் ஒரு தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால் "வேணாம் பாய், சும்மா பார்த்துட்டுப் போறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும், வற்புறுத்துவது குறைந்துவிடும். குளத்தருகே மொட்டை போடுகிறவர்கள், புறாக்கள், மயிலிறகால் தலையைத் தடவிக் கொடுப்பவர்கள். அங்கே ஒரு மணி நேரம் போவது தெரியாது. தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி நடக்கும் பதினான்கு நாட்கள் மட்டும் வேறு கணக்கு. அப்போது பார்க்க வர வேண்டியது கந்தூரியை மட்டும்தான், தரங்கம்பாடி அன்றைக்கு நடக்காது.

வெளியே வந்ததும் வாடா தேடுங்கள். வடை இல்லை, வாடா. அரிசி மாவில் இறால் வைத்துப் பொரிப்பது. காலையில் எல்லாக் கடையிலும் இருக்காது, மாலைப் பலகாரம் அது. கிடைத்தால் விடாதீர்கள். கடலுக்குப் போகும் வழியைச் சில்லடி என்பார்கள். நேரமிருந்தால் போய் வரலாம், நான் போகச் சொல்லமாட்டேன். இன்றைக்குக் கடலைத் தரங்கம்பாடியில் முழுசாகப் பார்க்கப் போகிறோம்.

வாஞ்சூர் தாண்டிக் காரைக்கால்

நாகூரை விட்டதும் வெட்டாற்றுப் பாலம். அதைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் வாஞ்சூர். சட்டென்று மதுக்கடைகள் வரிசையாகத் தெரியத் தொடங்கினால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி ஏறியிருக்கும். வடக்கு எல்லையான நண்டலாறு வரை இப்படித்தான். நான்கு புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ, நடுவில் ஒரு துண்டு. 1739-இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெற்றது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி முழுமையாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. பாரிஸ் தேர்தலுக்கு இங்கிருந்து ஓட்டுப் போடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

மதுக்கடை விஷயத்தில் புதியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விலை குறைவாக இருக்கிறதே என்று பாட்டிலை வாங்கிப் பையில் வைத்தால் நண்டலாறு சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள். பாட்டிலும் போகும், நாளும் போகும், உங்களால் பஸ் முழுக்கக் காத்திருக்கும்.

பத்தரை வாக்கில் காரைக்காலில் இறங்கினால், முதலில் பாரதியார் வீதியில் அம்மையார் கோயில். நண்பகலுக்குள் நடை சாத்திவிடுவார்கள், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும்: பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதியைக் கட்டிக்கொண்ட பரமதத்தன் நாகைக்காரன். காலையில் நீங்கள் கிளம்பிய அதே ஊர் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றை அடியாருக்கு இட்டுவிட்டு, இன்னொன்றை இறைவனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் அவள். அதைப் பார்த்துப் பயந்துபோன பரமதத்தன் வியாபாரச் சாக்கில் கப்பலேறிப் போனவன் திரும்பவே இல்லை. இந்தக் கரையின் கதை எதிலும் ஒரு கப்பல் வந்துவிடுகிறது. ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள், கீழே மடி ஏந்திப் பிடிப்பார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் ஊருக்கு வெளியிலேயே இறங்கி நடக்கத் தயாராக வர வேண்டும்.

அடுத்து ஒரு ஆட்டோவில் கடற்கரைச் சாலை. அரசலாற்றை ஒட்டியே போய் முகத்துவாரத்தில் முடிகிற சாலை இது. இன்றைய நாளில் ஆறு கடலில் சேர்வதை மிகச் சுலபமாகப் பார்க்கக்கூடிய இடம் இதுதான். ஆற்றின் நிறமும் கடலின் நிறமும் சேராமல் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் போகும். உச்சி வெயிலில் இருபது நிமிஷம் போதும். ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள், திரும்பி வர வேறு வண்டி கிடைப்பது பாடு.

மதியச் சாப்பாட்டைக் காரைக்காலிலேயே முடித்துக்கொள்வது கட்டாயம். தரங்கம்பாடியில் சாப்பாட்டுக்கு என்று நம்பி இருக்கக்கூடிய கடைகள் குறைவு. இங்கே சைவம், அசைவம், மீன் சாப்பாடு எல்லாம் உண்டு. லஞ்ச் முடிந்து ஒரு மணிக்குப் பஸ். பொறையாறு வழியா என்று கேட்டீர்களா?

தரங்கம்பாடி: மிச்ச நேரம் எல்லாம் இதற்கே

நண்டலாற்றைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். பொறையாறு வந்ததும் எழுந்து நிற்கத் தொடங்குங்கள், அடுத்தது தரங்கம்பாடி. பொறையாற்றுப் பக்கம் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் காதில் விழுந்தால் கவனியுங்கள். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

பஸ் நெடுஞ்சாலையில் இறக்கிவிடும். கிழக்கே பத்துப் பதினைந்து நிமிஷ நடை. எதிரில் வெள்ளையாக ஒரு நுழைவாயில், 1792-இல் கட்டியது. அதைத் தாண்டியதும் சத்தம் நின்றுவிடும். கடைகள் இல்லை, ஹாரன் இல்லை. ராஜ வீதி நேரே கடலுக்குப் போகிறது, அதன் முடிவில் வெறும் வெளிச்சம். காலையிலிருந்து ஜன்னலில் தெரியாத கடல் அங்கே நிற்கிறது.

உடனே அங்கே ஓடிவிடாதீர்கள். ஒன்றரை, இரண்டு மணி வெயிலில் மணல் காலைச் சுட்டுவிடும். முதலில் இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள சர்ச்சுகள். சீயோன் தேவாலயம் 1701-இல் டேனிஷ்காரர்களுக்காகக் கட்டியது. 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகச் சீகன்பால்க் கட்டியது. முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை இருக்கும். பீடத்தருகே சீகன்பால்க்கின் கல்லறை.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால்தான் ஊர் பேசும். 1706 ஜூலை 9-இல் புளூட்சோ என்ற தோழரோடு இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார், வயது 23. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அனா ஆவன்னா எழுதிப் பழகினார். டேனிஷ் அரசர் அனுப்பிய ஆள்தான், ஆனாலும் டேனிஷ் கோட்டைத் தளபதிக்கும் அவருக்கும் ஆகவில்லை. 1708-இல் பிடித்துக் கோட்டையிலேயே நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்து வார்த்து வரவழைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715-இல் முடித்தார். வந்த எழுத்துகள் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை அதற்கு உருக்கியதாகச் சொல்வார்கள். காகிதமும் இங்கேயே செய்து பார்த்தார்கள். அந்தப் பட்டறை இருந்த இடம்தான் கடுதாசிப்பட்டறை. 1719-இல், 36 வயதில் இறந்தார்.

தமிழில் முதலில் அச்சேறிய புத்தகம் இந்த ஊரில் வந்தது என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அதற்கு 137 ஆண்டுகள் முன்பே, 1578-இல், கொல்லத்தில் போர்ச்சுக்கீசியப் பாதிரிகள் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டுவிட்டார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு முதலில் அச்சானது இங்கே. அந்தப் பெருமையே இந்த ஊருக்குப் போதும்.

இரண்டரை மணிக்குக் கோட்டைக்குள் போங்கள். டான்ஸ்போர்க் என்று பெயர். 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கருக்கும் டேனிஷ் தளபதி ஓவ் ஜெட்டேவுக்கும் ஒப்பந்தமாகி, அதன் பேரில் எழுந்தது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் தகட்டில் எழுதிய கடிதம் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கீழ்த்தளம் கிட்டங்கி, வெடிமருந்து அறை, சிறை. மேல்தளத்தில் அதிகாரிகள் குடியிருந்தார்கள். வெளியே சுடும் வெயிலிலும் கீழ் அறைகளின் வளைவுக்கூரை அடியில் குளுகுளுவென்று இருக்கும். அருங்காட்சியகத்தில் பீங்கான், நாணயம், ஆவணங்களின் நகல். ஒரு சுற்று போதும். அதைவிட மேல்தளத்தில் கடலைப் பார்த்த பக்கம் போய் உட்காருங்கள். தெற்கே உப்பனாறு கடலில் சேருமிடம் தெரிகிறதா என்று தேடுங்கள். நான்காவது முகத்துவாரம் அது. ஏன் டேனிஷ்காரர் கோட்டையை இந்த மூலையில் வைத்தார் என்பது அப்போது விளங்கும். 225 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு 1845-இல் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு நாகை, சென்னை என்று வியாபாரம் வேறு பக்கம் போய்விட்டது. ஊர் அப்படியே நின்றுபோனதற்கு அதுதான் காரணம். மயிலாடுதுறையிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் 1980-களில் நிறுத்திவிட்டார்கள்.

நான்கு மணிக்குக் கரை. கோட்டைக்கு வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1305-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலக் கல்வெட்டில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மிஞ்சியதைக் காக்கப் பாறைகளைக் கொட்டி, பிறகு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இங்கே ஊர் இருந்தது என்பதை இந்த அரைக்கோயில் சொல்லும். பலரும் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள்.

குளிக்க இறங்க வேண்டாம். அடியில் பாறையும் பழைய செங்கல் இடிபாடும் கிடக்கும், அலையும் இழுக்கும். கால் நனைப்பதோடு சரி. இந்தக் கரையில் ஓசோன் காற்று அதிகம், நெஞ்சுக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. ஓசோன் நுரையீரலுக்கு ஆகாத வாயு. நல்லது செய்வது சாயங்காலக் கடற்காற்றுதான். அது இங்கே தாராளம்.

திரும்பும் வழி

பூம்புகாரையும் இன்றே பார்த்துவிடலாமே என்று தோன்றும். மேப்பில் பக்கம்தான். ஆனால் பஸ்ஸில் ஆக்கூர், செம்பனார்கோயில் என்று மாறிப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும், இருட்டில் காவிரி முகத்துவாரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அப்படியும் போயே தீருவேன் என்றால் நாகையை விட்டுவிட்டு நாகூரில் தொடங்குங்கள், தரங்கம்பாடியை மூன்று மணிக்கு விடுங்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பூம்புகாருக்கு மயிலாடுதுறையிலிருந்தோ சீர்காழியிலிருந்தோ தனியாக ஒரு காலை வாருங்கள்.

இன்றைக்கு மயிலாடுதுறை பஸ்தான் உங்கள் பஸ். ஒரு மணி நேரப் பயணம், அங்கிருந்து சென்னை, திருச்சி, தஞ்சை எல்லாவற்றுக்கும் ரயிலும் பஸ்ஸும் உண்டு. மதியம் நெடுஞ்சாலையில் இறங்கியதுமே அங்கிருக்கும் டீக்கடைக்காரரிடம் "சாயந்திரம் மாயவரத்துக்கு எத்தனை மணிக்குண்ணே வண்டி?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனில் பார்ப்பதைவிட அவர் சொல்வது சரியாக இருக்கும். இருட்டிய பிறகு நுழைவாயிலிலிருந்து நெடுஞ்சாலை வரை நடக்கும் சாலையில் வெளிச்சம் குறைவு, டார்ச் இருக்கட்டும்.

முகூர்த்த நாளாக இருந்தால் திருக்கடையூரில் பஸ் நிரம்பிவிடும். அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் முடித்து, சீர்வரிசைப் பைகளோடு மூன்று தலைமுறையும் ஏறும். அதற்கு முன் ஸ்டாப்பிலேயே நீங்கள் ஏறிவிடுவதால் வலப்பக்க ஜன்னல் உங்களுக்குத்தான்.